கணுக்கால்

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அமிர்தகடேசன் மூன்றாவது முறையாக நினைத்துக்கொண்டபோது ட்ராம் சிவப்புப் பாலத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் முகம் மழிக்கும்போது ஒரு முறை, தம்பி சிங்காரவேலு அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மூத்திரப் பையின் குழாய் மடங்காமல் கால்சட்டைக்குள் விடும்போது ஒரு முறை, இப்போது ஒரு முறை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வாக்கியத்துக்கு இத்தனை ஒத்திகை. ட்ராமில் படி இல்லை, நடைமேடையும் வண்டியின் தரையும் ஒரே மட்டம், நாற்காலி உள்ளே வந்ததே தெரியவில்லை, டிக்கெட்டும் கிடையாது, இந்த லக்சம்பர்க்கில் யாருக்குமே டிக்கெட் கிடையாது என்று தம்பி சொல்கிறான். நாகப்பட்டினத்தில் அவர் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பாலத்தின் இரண்டு ஓரமும் ஆள் உயரத்துக்குமேல் கண்ணாடிச் சுவர் ஓடியது. "எதுக்குடா இந்தச் சுவரு?" என்று கேட்டார். "முன்னாடி இங்கேருந்து குதிச்சிருக்காங்கண்ணே. கீழ வீடுங்க இருக்கு. அதான்." சொன்ன கையோடு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அது வழக்கம். விழுவது, குதிப்பது, மொட்டைமாடி, ஏணி, எதைப் பற்றிய பேச்சு வந்தாலும் பாதியில் வாயை மூடிக்கொள்வான், பத்து வயதிலிருந்து. இன்றைக்கு நாற்பத்தெட்டு. காதோரம் நரைத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துப் பார்க்கிறான், அதில் இந்த ஊரில் சக்கர நாற்காலி போகிற இடமெல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கிறது, எந்தத் தெருவில் கல் பாவியிருக்கிறது, எந்த ஓட்டலின் கழிப்பறைக் கதவு அகலம், எங்கே லிஃப்ட், எங்கே சரிவு. அண்ணன் வருவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெரிய சக்கரப் பெட்டியில் அரிசி மூட்டையை வைத்து இழுத்துக்கொண்டு அந்த வழி முழுக்க நடந்து பார்த்தானாம். இதை அவன் சொல்லவில்லை, இனேஸ் சொன்னாள், சிரித்துக்கொண்டே. இனேஸ் போர்ச்சுகல்காரி, அவன் வேலை பார்க்கும் வங்கியிலேயே வேறு பிரிவில் இருப்பவள், நான்கு வருஷமாக அவனோடு இருக்கிறாள், நாற்பத்தொரு வயது. வந்த முதல் நாள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கண்ணுக்கு நேர் கண் வைத்து, மனப்பாடம் செய்த தமிழில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாள். ஊரில் யாரும் அவரிடம் குந்திப் பேசியதில்லை, எல்லோரும் மேலிருந்துதான். நேற்று முழுவதும் அவள் வீட்டுக்கு வரவில்லை. இன்று காலை தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைத் துடைத்தபடியே சிங்காரவேலு சொன்னான்: "திங்கக்கிழமை ராஜினாமா லெட்டர் குடுத்துடறேண்ணே. ஊருக்கே வந்துடறேன். அம்மாவும் இல்ல, இனிமே உன்ன யாரு பாக்குறது." "இனேஸ்?" என்று கேட்டார். "அவளுக்குத் தெரியும்" என்றான், அதற்குமேல் அடுப்பில் துடைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டிருந்தான்.

வேண்டாண்டா என்று ஏன் அப்போதே வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஒரு நொடி, ஒரே நொடி, அவர் நெஞ்சுக்குள் ஏதோ இளகி உட்கார்ந்தது, அப்பாடா என்று, அதை அவரே பார்த்தார், பார்த்து அருவருத்தார். அம்மா போய் எட்டு மாதம். காலையிலும் சாயங்காலமும் பக்கிரிசாமி வந்து புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டுப் போகிறான், நடுவில் பகல் முழுக்க ஒருவருமில்லை, கணக்கு டியூஷனுக்கு வந்த பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள், வலது இடுப்பின் புண் மார்ச் மாதம் எலும்புவரை போய் ஆறியது, அது நாறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, வலிக்காத உடம்பு எதைத்தான் சொல்லும். இப்போது ட்ராமை விட்டு இறங்கிச் சதுக்கத்தைத் தாண்டி அரண்மனைக்கு முன்னால் வந்திருந்தார்கள். குட்டி ராஜ்யத்தின் குட்டி அரண்மனை, தெருவோரமாகவே நிற்கிறது, நம் ஊர் கலெக்டர் ஆபீஸ்கூட இதைவிடத் தள்ளி இருக்கும், வாசலில் ஒரு காவல்காரன் துப்பாக்கியோடு பத்தடி போவதும் திரும்புவதுமாக இருந்தான். "ஃபோட்டோ எடுக்கட்டாண்ணே?" எடுத்தான். கல் பாவிய தெருவில் நாற்காலி கடகடவென்று அதிர்ந்தது, அந்த அதிர்வு தொப்புளுக்குமேல் வரைக்கும்தான், கீழே இரண்டு கால்களும் யாருடையதோ மாதிரி தானாக ஆடின, இடது கால் மிதியிலிருந்து நழுவித் தொங்கியது. சிங்காரவேலு உடனே நின்று, முன்னால் வந்து குனிந்து, கணுக்காலைப் பிடித்து எடுத்து மிதிமேல் வைத்தான். அவன் விரல்கள் கணுக்காலைச் சுற்றியிருப்பதை அவர் மேலிருந்து பார்த்தார். பார்க்கத்தான் முடிந்தது. அந்தக் கணுக்காலில் கடைசியாக அவர் உணர்ந்தது அந்த விரல்களைத்தான், அப்போது சிறிய விரல்கள், வியர்த்துப் பிசுபிசுத்தவை. எண்பத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் அவர்கள் வீட்டில் மட்டும் டிவி, கூடத்தில் முப்பது பேர், இலங்கை ரூபவாகினியில் ஏதோ ஒரு கிரிக்கெட் ஆட்டம், படம் வந்து வந்து போகிறது. ஆன்டெனாவைத் திருப்ப அவர் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று குழாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார், தம்பி கீழே குந்தி இரண்டு கையாலும் அண்ணனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அப்பா கூடத்திலிருந்து கத்துகிறார், வந்துருச்சு, இல்ல போயிருச்சு, கொஞ்சம் கிழக்க திருப்பு, இன்னும் கொஞ்சம். வெயில், குழாய் சுடுகிறது, கடல் காற்று. தம்பியின் விரல் ஈரமாக நகர்கிறது, கூசுகிறது, தாங்க முடியாமல் கூசுகிறது. விடுடா கூசுது என்று சிரித்துக்கொண்டே காலை உதறினார். அவ்வளவுதான். உதறியது அவர். பிறகு ஆகாயம் சுற்றியது, பக்கத்து வீட்டு அம்மி வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அப்பா கட்டில் ஓரம் நின்று, எப்படிடா விழுந்தே என்று கேட்டார், முகத்தில் அழுகையா கோபமா என்று தெரியவில்லை, துறைமுக ஆபீசில் தப்பு செய்த ஆளைக் கேட்கிற அதே குரல். பதினைந்து வயசு. பயம். பத்து நாளில் எழுந்து நடந்துவிடுவோம், அப்புறம் எல்லாம் மறந்துவிடும் என்று ஒரு நினைப்பு. தம்பி காலை விட்டுட்டான்ப்பா. அன்றைக்குச் சாயங்காலமே அப்பா பஸ் ஏறி ஊருக்குப் போனார், அதுவரை பிள்ளைகள்மேல் கை வைக்காத மனுஷன், எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து தம்பியைப் பிடுங்கும்வரை அடித்தாராம்.

"குளுருதாண்ணே?" இல்லை என்று தலையாட்டினார். பள்ளத்தாக்கின் விளிம்போடு ஒரு பாதை வளைந்து போனது, ஒரு பக்கம் பழைய வீடுகள், மறுபக்கம் இடுப்பளவுச் சுவர், சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை, ஆழத்தில் ஆறும் தேவாலயமும் சிலேட்டுக் கூரைகளும் காய்கறித் தோட்டங்களும். எல்லோரும் அந்தச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தார்கள். அவருக்குச் சுவரின் கல்தான் தெரிந்தது, கல்லில் ஒரு எறும்பு போனது, இந்த ஊரிலும் எறும்பு இருக்கிறது. சரிவு செங்குத்தாக இருந்ததால் சிங்காரவேலு நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக, தன் நெஞ்சில் தாங்கி, ஓரடி ஓரடியாக இறக்கினான். இது ஒரு வித்தை, பழகியவனுக்குத்தான் வரும். கை வழுக்கினால் போதும். அவன் கை வழுக்காது, அவன் வாழ்க்கையே அந்த ஒரு காரியத்துக்குத்தான் ஆகிவிட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவன் கேட்டான், நான் நெஜமாவே விட்டுட்டனாண்ணே, எனக்கு ஞாபகமே வரலண்ணே. அவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவர் திருப்பினார். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. விளையாடப் போகவில்லை, விடுதியில் சேரவில்லை, பெண் பார்க்கலாம் என்றபோதெல்லாம் அண்ணனுக்கு யாரு என்றான், வெளிநாட்டுக்கு வந்ததுகூட அப்பா போன பிறகு அம்மா மல்லுக்கட்டி அனுப்பினதால்தான். சுரங்க வாசலுக்கு வந்தார்கள். பாறைக்குள் வெட்டிய பழைய கோட்டைச் சுரங்கம், மைல் கணக்கில் போகிறதாம், உள்ளே எல்லாம் படி. "நீ போயி பாத்துட்டு வாடா" என்றார். "நான் ஏற்கெனவே பாத்துட்டேண்ணே" என்று நாற்காலி பக்கத்திலேயே நின்றான், அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் குடிக்கக் கொடுத்தான், பையை எட்டிப் பார்த்து, இன்னும் நிறையல என்றான். உள்ளேயிருந்து ஈரமும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது, அந்த வாடை அவரைக் கொண்டுபோய் டிசம்பர் காலையில் விட்டது, கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு, தம்பி அப்போதே வெளிநாட்டில். தெருவே ஓடியது. சட்டியும் கோழியும் பிள்ளையுமாக ஓடியது. அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ ஓடும்மா என்று அவர் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது, வாசலில் நின்று வாங்க வாங்க என்று அவளைக் கூப்பிட்டார்கள், இரண்டு முறை கூப்பிட்டார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தண்ணீர் இரண்டு தெரு தள்ளி நின்றுவிட்டது. நின்றதால் அது ஒரு பாவமாகக் கணக்கில் வரவில்லை, அவருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றாகத் தங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரிதான் அம்மாவிடம் சொன்னார், தம்பி விடலம்மா, நான்தான் உதறினேன். அம்மா வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: அவன்கிட்ட சொல்லிடாத. சொன்னா அவன் நம்மள விட்டே போயிடுவான், எனக்கப்புறம் உனக்கு யாரு. விசிறியை நிறுத்தாமல் சொன்னாள். அந்தப் பிள்ளையையும் அவள்தான் பெற்றாள். இருபது வருஷம் அவன் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் சாப்பிட்டியாய்யா, உடம்பப் பாத்துக்கய்யா என்று அதே வாயால் கேட்டாள். இதையுமா சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்ல முடியுமா. சொன்னால் திங்கட்கிழமை லெட்டர் போகாது, இனேஸ் வீட்டுக்கு வருவாள், பக்கிரிசாமி காலையிலும் சாயங்காலமும் வருவான், நடுவில் பகல். சொல்லாவிட்டால் தம்பி ஊருக்கு வந்து, அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, அம்மா படுத்த இடத்தில் படுத்து, கிழவனாவான். இரண்டு கிழவர்கள் ஒரு வீட்டில், ஒருவன் செய்யாத தப்புக்கு இன்னொருவனின் மலத்தைத் துடைத்துக்கொண்டு. அப்படித் துடைக்கும் கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கப் போகிறவர் அவர்.

பூங்காவைத் தாண்டி அந்தக் கண்ணாடி லிஃப்டுக்கு வந்தபோது மணி நான்கு. மேல் நகரத்திலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை எழுபது மீட்டர், பாறைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கிற கண்ணாடிப் பெட்டி. "இதுதாண்ணே இந்த ஊர்லயே எனக்குப் புடிச்ச எடம். கண்ண மூடிக்கிறதுன்னா மூடிக்க, அரை நிமிஷந்தான்" என்றான், முதுகில் லேசாகத் தட்டினான். அரை நிமிஷம். ஒரு கிழவியும் அவள் நாயும், சைக்கிளோடு ஒரு ஆளும் ஏறினார்கள். கதவு மூடியது. சிங்காரவேலு நாற்காலியைக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்திப் பூட்டினான், முழங்காலுக்கு முன்னால் ஆகாயம் இருந்தது, தூரத்தில் காலையில் கடந்த சிவப்புப் பாலம், கீழே கூரைகள் தீப்பெட்டிகளாக. பெட்டி நழுவியது. முப்பத்தெட்டு வருஷமாகத் தூக்கத்தில் வருவதுபோலவே கூரைகள் பெரிதாகிக்கொண்டே ஏறி வந்தன. கண்ணை மூடவில்லை. "சிங்காரம்" என்றார். "என்னண்ணே." "நீ விடலடா." "எத?" "எங் கால. நீ புடிச்சுக்கிட்டுத்தான் இருந்த. கூசுச்சு, நாந்தான் ஒதறினேன். அப்பாகிட்ட பொய் சொன்னேன்." நாய் அவர் கால்களை மோந்து பார்த்தது. கிழவி அதை இழுத்துப் பிடித்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னாள். பெட்டி தரையைத் தொட்டது, கதவு திறந்தது, சைக்கிள் போயிற்று, கிழவி போனாள். அப்புறம் சிங்காரவேலுவின் செருப்புச் சத்தம் போயிற்று. நாற்காலியின் பூட்டு போட்டபடியே இருந்தது. அவர் பூட்டைத் தேடி எடுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது, மேலே யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், பெட்டி அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கீழே தம்பியின் தலை தெரிந்தது, முதலில் தலை, பிறகு ஒரு புள்ளி. அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே நான்கு சுற்றுலாக்காரர்கள் ஏறி, அவருக்கு வணக்கம் சொல்லி, அவர் தலைக்குமேல் ஃபோட்டோ எடுத்தார்கள், பெட்டி மறுபடி இறங்கியது. போயிருப்பான். போயிருந்தால் சரிதான். ஒரு வார்த்தை தெரியாத ஊரில், கீழ்ப்பகுதியில், பாஸ்போர்ட் அவன் பையில், மூத்திரப் பை நிறைய இன்னும் ஒரு மணி நேரம், அப்புறம் யாரிடம் என்ன ஜாடை காட்டுவது. போயிருக்கட்டும் என்று நினைத்த மனசு அந்த நினைப்பு முடிவதற்குள்ளேயே இருக்கணுமே இருக்கணுமே என்று கிடந்து அடித்துக்கொண்டது, கடல் வந்த அன்றைக்கு அடித்துக்கொண்டதைப் போலவே.

அவன் இருந்தான். லிஃப்டுக்கு வெளியே கல் பெஞ்சில், முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவர் தானே சக்கரத்தைத் தள்ளி வெளியே வந்தார், கதவின் விளிம்பில் முன்சக்கரம் மாட்டி, பின்னுக்கு வந்து, மறுபடி தள்ளினார். அவன் எழவில்லை. நாற்காலி அவனுக்கு நேரே வந்து நின்றதும், இருவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. அவன் அழுதிருக்கவில்லை. முகம் வெறுமையாக, யாரோ மேசைமேல் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. "எனக்கு ஞாபகமே இல்லண்ணே" என்றான். "விட்டேன்னாங்க. சரி, விட்டுட்டோம்னு இருந்துட்டேன்." "தெரியும்டா." "கனவுல தெனம் புடிப்பேன். ஒவ்வொரு தடவையும் புடிச்சுடுவேன். முழிச்சா, விட்டவன்." மன்னிப்பு என்ற சொல் அந்தக் கண்ணுக்கு முன்னால் அற்பமாக இருந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா?" "தெரியாது. சத்தியமா தெரியாது." ஆற்றுப் பக்கத்திலிருந்து குழந்தைகளின் சத்தம் வந்தது. அவன் அடுத்ததைக் கேட்பான் என்று அவருக்குத் தெரியும், லிஃப்டில் இறங்கும்போதே தெரியும், அதற்கு ஒரே ஒரு பதில்தான் சொல்லலாம், அதை வாயில் தயாராக வைத்திருந்தார். "அம்மாவுக்கு?" தெரியாது என்று சொன்னார். சொன்னார்தான், ஆனால் உடனே சொல்லவில்லை. நடுவில் விசிறி ஒரு முறை வந்துபோயிற்று, அவ்வளவு நேரம்தான், ஒரு முறை விசிறுகிற நேரம். சிங்காரவேலு அவரையே பார்த்தான். கணக்கு வாத்தியாரான அண்ணன் சொன்ன விடையைச் சரிபார்க்கிறவன்போல் நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையை இரண்டு தடவை மெதுவாக ஆட்டினான், எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அஞ்சரைக்குள்ள போனாத்தான் மேல போற ரயில்ல கூட்டம் இருக்காது" என்றான். நாற்காலிக்குப் பின்னால் வரவில்லை. நடக்க ஆரம்பித்தான்.

அமிர்தகடேசன் இரண்டு கைகளையும் சக்கரத்தின் இரும்பு வளையத்தில் வைத்தார். இரும்பு சில்லென்றிருந்தது. தெரு ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு ரயில் நிலையத்தை நோக்கி ஏறியது. சமத்தில் பரவாயில்லை. அம்மாவும் பக்கிரிசாமியும் தம்பியும் தள்ளித் தள்ளிச் சோம்பிய கைகள், பத்து சுற்றுக்குள் தோள்பட்டை எரிந்தது, உள்ளங்கை வழுக்கியது. முன்னால் சிங்காரவேலுவின் முதுகு போய்க்கொண்டிருந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, தனியாக நடக்கிற ஒரு மனுஷனின் நடை. அவன் இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடப்பான் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. ஏற்றத்தில் நாலு சுற்று தள்ளினார், ஐந்தாவதில் நாற்காலி நின்று, மெல்லப் பின்னோக்கி உருளப் பார்த்தது, பின்னால் யாருமில்லை, வளையத்தை இறுக்கிப் பிடித்தார், கட்டைவிரல் ஆரக்காலில் சிக்கித் தோல் உரிந்தது. எதிரே வந்த ஒரு பெண் நின்று, உதவட்டுமா என்பதுபோல் கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார். சிங்காரம் என்று கூப்பிட நாக்கு எழுந்தது. கூப்பிட்டால் வந்துவிடுவான், வராமல் இருக்க அவனுக்குத் தெரியாது, அதனால் கூப்பிடவில்லை. மூச்சை இழுத்துவிட்டு ஒரு சுற்று. நிறுத்தினார். இன்னொரு சுற்று. நிமிர்ந்து பார்த்தபோது முப்பது அடி தள்ளி, ஏற்றத்தின் நடுவில், அவன் நின்றுவிட்டிருந்தான். முதுகு இந்தப் பக்கமாகவே, கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கியபடி. அவன் திரும்பவில்லை. நடக்கவும் இல்லை.